விற்றவர் போகலாம், விளையாட்டு இருக்க வேண்டும்

காசு கொடுத்து வாங்கிய வட்டு கையில் இருக்கிறது. அதை ஓட்டும் கருவியும் பழுதில்லாமல் இருக்கிறது. ஆனாலும் ‘ரெசிடென்ட் ஈவில்: அவுட்பிரேக்’ என்ற வீடியோ கேமை, எப்படி ஆடப்பட வேண்டும் என்று எண்ணி உருவாக்கினார்களோ அப்படி ஆட, அதை விற்ற நிறுவனத்தின் வழியாக இன்று உலகில் எவருக்கும் வழியில்லை. நான்கு பேர் சேர்ந்து உயிர் பிழைக்கப் போராடும் ஆட்டம் அது. அந்த நான்கு பேரையும் ஒன்றுசேர்த்த சர்வர்களை மூடிவிட்டார்கள். நெடுநாள் ரசிகனின் ஆற்றாமை என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய பொருளின் உயிர்நாடியை விற்றவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, விரும்பிய நாளில் நிறுத்திவிடலாமா என்ற கேள்வி கணினியோ கைப்பேசியோ வைத்திருக்கும் எல்லோருக்கும் உரியது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2003 டிசம்பரில் ஜப்பானிலும் 2004 மார்ச்சில் வட அமெரிக்காவிலும் இதை வெளியிட்டது. இயக்கியவர் எயிச்சிரோ சசாகி. இணையத்தை நம்பி அந்த நிறுவனம் அப்போது எடுத்த மூன்று முயற்சிகளில் இது ஒன்று. ‘ஆட்டோ மாடலிஸ்டா’ என்ற கார்ப் பந்தய ஆட்டமும் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ ஆட்டமும் மற்ற இரண்டு. மான்ஸ்டர் ஹன்டர் இன்று கேப்காமின் பெருஞ்சொத்து. அவுட்பிரேக்கோ 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றும், இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டது.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்பின் அளவு அதில்தான் இருக்கிறது. 1998 செப்டம்பர், ரக்கூன் சிட்டி என்ற கற்பனை அமெரிக்க நகரத்தில் வைரஸ் பரவுகிறது, இறந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரின் மற்ற பாகங்களில் நாயகர்கள் பெரும்பாலும் ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள். அவுட்பிரேக்கில் இருக்கும் எட்டுப் பேரில் பெரும்பாலானோர் நாம் தினமும் கடந்துபோகும் மனிதர்கள். ஜேஸ் பார் என்ற மதுக்கடையில் பரிமாறும் சிண்டி, குழாய் வேலை செய்யும் டேவிட், சுரங்க ரயிலில் பணிபுரியும் ஜிம், மருத்துவர் ஜார்ஜ், பத்திரிகையாளர் அலிஸ்ஸா, மாணவி யோகோ, காவலாளி மார்க், போலீஸ்காரர் கெவின். யோகோவின் முதுகுப்பையில் எட்டுப் பொருள்கள் கொள்ளும். மற்றவர்களால் நான்கைத்தான் சுமக்க முடியும். சிண்டியிடம் மூலிகைப் பெட்டி உண்டு. ஜார்ஜ் மூலிகையை மாத்திரையாக்குவார். பூட்டைத் திறக்கும் கம்பிகள் அலிஸ்ஸாவிடம் இருக்கும். ஜிம் செத்தவனைப் போலக் கிடந்து தப்பிப்பான். எவரும் தனியாக முழுமை பெற்றவர் இல்லை. ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தேவைப்படும், தேவைப்படும் நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, ஆட்டம் நிற்காது. பையைத் திறந்து மருந்து தேடும்போதும் பிணங்கள் நெருங்கிக்கொண்டே இருக்கும். உடம்பில் ஏறிய வைரஸின் அளவு விழுக்காட்டுக் கணக்கில் கூடிக்கொண்டே போகும். நூறைத் தொட்டால் கதை முடிந்தது. இணையத்தில் ஆடும்போது அப்படி இறந்தவர் சற்று நேரம் பிணமாக எழுந்து, அதுவரை தன்னோடு ஓடிவந்தவர்களையே தாக்கலாம். இரண்டாவது கட்டுப்பாடு இன்னும் துணிச்சலானது. ஆட்டத்துக்கு நடுவே ஒருவரோடு ஒருவர் குரலில் பேச வழி வைக்கவில்லை. ‘வா’, ‘போ’, ‘பொறு’, ‘காப்பாற்று’, ‘நன்றி’ என்பது போன்ற சில சொற்கள் மட்டும் பாத்திரத்தின் வாயிலிருந்து வரும். அவ்வளவுதான் உங்கள் மொழி.

பலர் இதைக் குறையாக எழுதினார்கள். எனக்கு இதுதான் ஆட்டத்தின் உச்சம். புகை மண்டிய ஹோட்டல் தாழ்வாரத்தில் உங்கள் துணை எங்கே என்று தெரியாது. ‘காப்பாற்று’ என்ற குரல் வருகிறது. கையில் இருப்பது ஒரே ஒரு மருந்து. வெளியேறும் கதவு எதிர்ப்பக்கம். போவதா, திரும்புவதா? அந்த முடிவை யார் எடுக்கிறார்களோ அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. எந்த நாடு, என்ன மொழி, என்ன வயது, எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் திரும்பி வந்து தோள் கொடுத்துத் தூக்கும்போது ஒரு மனிதரைச் சந்தித்துவிட்டோம் என்பது தெரியும். அவுட்பிரேக்கின் திகில் பிணங்களால் மட்டும் வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் மனிதர் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்பதில்தான் அதன் பாதி இருக்கிறது.

எனக்கு முதலில் கிடைத்தது ஐரோப்பியப் பதிப்பு. முதல் பாகத்தின் ஐரோப்பியப் பதிப்பில் இணைய ஆட்டமே கொடுக்கப்படவில்லை. துணைக்கு வருபவர்களை இயந்திரமே இயக்கும். நமக்கு வேண்டிய மூலிகையை அவர்கள் எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்கள்; நாம் விழுந்து கிடக்கும்போது சுவரைப் பார்த்து நிற்பார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனால் வருத்தமில்லை, திரும்பி வந்தால் நன்றியும் இல்லை. அதே கட்டடங்கள், அதே பிணங்கள், அதே இசை. ஆனால் அது வேறு ஆட்டம். பல ஆண்டுகள் கழித்துத்தான், உயிருள்ள மூவரோடு இதை ஆடக் கிடைத்தது. அதன் பிறகே இத்தனை நாள் எதை இழந்திருந்தேன் என்று புரிந்தது.

இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறேன். வட அமெரிக்கச் சர்வர்கள் 2007 முடிவில் நிறுத்தப்பட்டன. இரண்டாம் பாகம் அங்கே கடைக்கு வந்தது 2005 ஏப்ரலில். வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கியவருக்குக்கூட மூன்று ஆண்டுகள் முழுதாகக் கிடைக்கவில்லை. ஜப்பானில் 2011 நடுப்பகுதி வரை சர்வர்கள் ஓடின. பிறகு அவையும் நின்றன. நிறுத்தும் போது ஆட்டக்காரர்கள் தாங்களே ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் வசதி தரப்படவில்லை. சர்வர் மென்பொருளும் வெளியிடப்படவில்லை. கேரம் பலகையை விற்ற கடைக்காரர், கடையை மூடும் நாளில் வீடுவீடாக வந்து காய்களை அள்ளிக்கொண்டு போனால் நாம் ஒத்துக்கொள்வோமா? ‘பலகை உங்களிடமே இருக்கிறதே’ என்பது பதிலாகுமா?

செலவு பிடிக்கும் சர்வரை என்றென்றைக்கும் நடத்துங்கள் என்று எந்த நிறுவனத்தையும் கேட்க முடியாது. நான் கேட்கவும் இல்லை. ஆள் குறைந்தால் நிறுத்துவது வணிக நியாயம். நிறுத்திய பின் வாங்கியவர்கள் தங்கள் செலவில், தங்கள் உழைப்பில் அதை ஓட்டிக்கொள்ள வழி விட்டுப் போக வேண்டும் என்பதே கோரிக்கை.

ரசிகர்கள் அந்த வழியைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்பது இந்தக் கதையின் பெருமைக்குரிய பகுதி. ஜப்பானியச் சர்வர் நின்ற சில ஆண்டுகளில், ஆட்டம் சர்வரோடு என்ன பேசியது, எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலை எதிர்பார்த்தது என்பதைத் துண்டு துண்டாகக் கண்டுபிடித்து, அதே பதில்களைத் தரும் புதிய சர்வர் ஒன்றை எழுதினார்கள். பழைய முகவரியைத் தேடும் பிளேஸ்டேஷனை இந்தப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டால், 2003இன் ஆட்டம் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. சம்பளமில்லை, விளம்பரமில்லை. இன்றும் முன்பின் தெரியாத நால்வர் ஜேஸ் பாரின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் அது அவர்கள் புண்ணியம்.

ஆனால் அந்தச் சர்வர் ஜப்பானியப் பதிப்புக்குத்தான் வேலை செய்யும். அமெரிக்க வட்டையோ ஐரோப்பிய வட்டையோ நியாயமாக வாங்கி வைத்திருப்பவர் வெளியே நிற்கிறார். நடத்துபவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று தெளிவாக எதுவும் கிடையாது. ஒரு வக்கீல் கடிதம் வந்தால் முடிந்தது. அதற்கும் மேலாக, இவ்வளவும் ஏதோ சிலரின் ஓய்வு நேரத்தையும் உடல்நலத்தையும் நம்பி ஓடுகிறது. ஒரு கலைப்படைப்பின் ஆயுள் இவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கக் கூடாது.

சட்டபூர்வமாக வாங்கலாமே என்றால், விற்பனைக்கே இல்லை. அவுட்பிரேக்கின் இரண்டு பாகங்களும் பிளேஸ்டேஷன் 2க்குப் பிறகு வேறு எந்தக் கருவிக்கும் மறுபதிப்பு காணவில்லை. இத்தனைக்கும் தொடரின் முதல் மூன்று பாகங்களை அவற்றின் பழைய வடிவிலேயே 2024இல் கணினிக்காக மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகச் செய்யப்பட்ட வேலை அது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொன்றும் உண்டு. 2025 ஜூனில் கேப்காம் அறிவித்த ‘ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம்’ ஆட்டத்தின் நாயகி கிரேஸ் ஆஷ்கிராஃப்ட். அவள் வேறு யாருமல்ல. அவுட்பிரேக்கின் பத்திரிகையாளர் அலிஸ்ஸாவின் மகள். தாய் இறந்த ஹோட்டலுக்குப் புலன்விசாரணைக்குப் போகிறாள் என்பதே கதையின் தொடக்கம். மகளின் கதையை வாங்கும் புதிய தலைமுறைக்குத் தாயின் கதையை ஆட வழியில்லை. பாத்திரத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பாத்திரம் பிறந்த படைப்பைப் பூட்டி வைத்திருப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

ஓர் ஆட்டத்துக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை இது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. நூலகங்களாவது காப்பாற்றுமா என்றால், அவற்றின் கையையும் கட்டியிருக்கிறார்கள். சர்வர் தேவைப்படும் ஆட்டங்களை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பாதுகாக்க அமெரிக்கா 2018இல் ஒரு விலக்கு அளித்தது. ஆனால் சர்வர் மென்பொருள் அந்த நூலகத்திடம் முறைப்படி வந்திருக்க வேண்டும், அந்த வளாகத்துக்குள் மட்டுமே ஆட்டத்தைத் திறந்துவைக்கலாம். மென்பொருளை நிறுவனம் கொடுக்காவிட்டால் விலக்கு வெறும் காகிதம். பாதுகாக்கப்பட்ட ஆட்டங்களை ஆய்வாளர்கள் வெளியூரிலிருந்தும் அணுக அனுமதி கேட்டார்கள். கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது, 2024 அக்டோபரில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடுபவருக்கும் இணையம் கட்டாயம் என்பதால் வாங்கியவர்களால் அதற்குப் பிறகு ஆட்டத்தை ஆட முடியாமல் போனது. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி விதிப்படி 10 லட்சம் கையொப்பம் தேவை. 2025 ஜூலையில் கெடு முடிவதற்குள் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டினார்கள். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டதால் 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. நுகர்வோர் சட்டத்தை இதற்காகத் திருத்தும் எண்ணம் இல்லை என்று அரசு சொன்னது ஏமாற்றம்தான். ஆனால் யுபிசாஃப்ட், இரண்டாம் பாகமான ‘தி க்ரூ 2’க்கு இணையமில்லாமல் ஆடும் வசதியை அளித்துவிட்டது. முடியாது என்று சொல்லப்பட்டது, கூட்டமாகக் கேட்டவுடன் முடிந்தது.

நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ரசிகர்கள் நடத்தும் சர்வரில் ஆட்டக்காரர்களின் தகவல்களுக்குப் பாதுகாப்பு இருக்காது, சட்டவிரோதமான பதிவுகள் வந்தால் பழி உரிமையாளர் மேல் விழும், இணையத்துக்காகவே கட்டப்பட்ட ஆட்டத்தை மாற்றுவது பெருஞ்செலவு என்று ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் சங்கமான வீடியோ கேம்ஸ் ஐரோப் சொல்கிறது. முதல் இரண்டும் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் தீரும்: நிறுவனம் ஆதரவை நிறுத்திய பிறகு தனியார் நடத்தும் சர்வருக்கு அதை நடத்துபவரே பொறுப்பு. செலவு பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கட்டி முடித்த பின் மாற்றுவது செலவு. தொடங்கும்போதே முடிவையும் சேர்த்துத் திட்டமிட்டால் செலவு சிறிது. ஆகவேதான் இந்தக் கோரிக்கை இனி வரப்போகும் ஆட்டங்களுக்குக் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். பழையவற்றுக்குக் குறைந்தபட்சம் ரசிகர்களைத் தொந்தரவு செய்யாதிருத்தல்.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2009இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘லெஃப்ட் 4 டெட் 2’, நான்கு பேர் சேர்ந்து பிணக்கூட்டத்தை எதிர்கொள்ளும் ஆட்டம், அவுட்பிரேக்கின் தம்பி என்றே சொல்லலாம். சர்வர் மென்பொருளைத் தொடக்கத்திலிருந்தே ஆட்டக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் தன் கணினியிலேயே ஓர் ஆட்டத்தை நடத்தலாம். விளைவு: பத்தாண்டு கடந்து 2020 செப்டம்பரில், ரசிகர்களே உருவாக்கிய ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ என்ற பெரிய புதுப்பிப்பை வால்வ் தன் பெயரிலேயே இலவசமாக வெளியிட்டது. ‘நாக்அவுட் சிட்டி’யைச் செய்த வெலன் ஸ்டூடியோஸ், 2023இல் சேவையை மூடும்போது ஆட்டக்காரர்கள் சொந்தமாகச் சர்வர் நடத்தும் பதிப்பைத் தந்துவிட்டுப் போனது. ‘ரெட்ஃபால்’ என்ற ரத்தக்காட்டேரி ஆட்டம் வரவேற்புப் பெறவில்லை. அதைச் செய்த ஆஸ்டின் நகர ஸ்டூடியோவையே 2024இல் இழுத்து மூடினார்கள். வேலை இழந்துகொண்டிருந்த அந்தக் கலைஞர்கள் கடைசியாக வெளியிட்ட புதுப்பிப்பில், இணையமில்லாமல் ஆடும் வசதியைச் சேர்த்துவிட்டே போனார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. அந்த நெருக்கடியிலும் அவர்களால் முடிந்தது, வசதியான நிறுவனங்களால் ஏன் முடியாது?

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இணையக் கடைகள் நிரந்தரமாகத் தராத மின்பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்க வேண்டுமானால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல வைப்பது நல்ல முதல் படி. ஆனால் பறிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பறிப்பது சரியாகிவிடாது.

இந்தியாவில் இது குறித்துத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொள்ளும் உரிமையை ஒரு தரப்புக்குத் தரும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. மாநில நுகர்வோர் ஆணையத்தில் அதை எதிர்த்து முறையிடலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், தானே உருவாக்கிய இன்னொரு மென்பொருளோடு அதை இணைந்து இயங்கவைக்கத் தேவையான விவரங்களைக் கண்டறிவதை மீறலாகக் கருதுவதில்லை. ரசிகர்கள் செய்தது ஏறக்குறைய இதைத்தான். நுகர்வோர் அமைப்புகளும் சட்ட மாணவர்களும் இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்து, ஒரு வழக்காக எடுத்துப்போக வேண்டும்.

சட்டம் இயற்றுவோரிடம் கேட்பது இவ்வளவே. விற்கும் நாளிலேயே, சர்வர் குறைந்தது எந்தத் தேதி வரை ஓடும் என்பதை உறை மீது அச்சிடச் செய்யுங்கள். நிறுத்துவதென்றால் போதிய கால அவகாசத்தோடு அறிவித்து, தனியார் சர்வரில் இணையும் வழியைத் திறந்துவிடச் செய்யுங்கள். கைவிடப்பட்ட ஆட்டத்தை லாப நோக்கமின்றி ஓட்டுபவர்களுக்கும், பாதுகாக்கும் நூலகங்களுக்கும் சட்டத்தின் காவல் கொடுங்கள்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு வாக்குரிமையும், இந்தக் கோரிக்கை ஏற்கெனவே சென்றடைந்த மன்றங்களும் இருக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் இன்று நண்பர்களோடு இரவு முழுக்க ஆடும் ஆட்டத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள், அடுத்து நிறுத்தப்படப்போவது அதுவாகவும் இருக்கலாம்.

கேப்காமுக்கு ஒரு வேண்டுகோள். அவுட்பிரேக்கின் இரண்டு பாகங்களையும், எந்த நாட்டுப் பதிப்பானாலும் ஆட்டக்காரர்கள் தாங்களே நடத்தும் சர்வரில் இணையும் வசதியோடு, மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். படங்களை மெருகேற்ற வேண்டாம், புதிய காட்சிகள் வேண்டாம். இருந்தது இருந்தபடி போதும். இலவசமாகவும் கேட்கவில்லை, இன்னொரு முறை விலை கொடுத்து வாங்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.